தகுதியில்லாத மேல்முறையீட்டுக்கும் ஒரு வக்கீல்

தென்காசியில் செஷன்ஸ் வழக்கில் தண்டனை பெறும் ஏழைக்கு அதன் பிறகு இரண்டு ஊர்களோடுதான் தொடர்பு. ஆள் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பார். வழக்குக் கட்டு மதுரைக்குப் போகும். 2004 ஜூலை 24இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கும்வரை அந்தக் கட்டு சென்னைவரை போய்க்கொண்டிருந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. நீதிமன்றம் மக்களுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. சிறைக்குள் இருப்பவருக்கும் அவருக்காக மதுரையில் வாதாடப்போகும் வக்கீலுக்கும் இடையிலான தூரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இருவரும் ஒருமுறைகூட முகம் பார்க்காமல் மேல்முறையீடு முடிந்துபோவது அரிதல்ல.

அந்த வக்கீலைக் கைதி தேடிப் பிடிக்கவில்லை. சட்டப் பணிகள் குழுவோ நீதிமன்றமோ நியமித்தது. கட்டைப் பிரித்துப் படிக்கிறார். நேரில் பார்த்த சாட்சி அசையாமல் சொல்லியிருக்கிறார், மருத்துவச் சான்று பொருந்துகிறது, கைப்பற்றிய பொருளும் ஒத்துப்போகிறது. விசாரணை நீதிபதி எழுதிய தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? இல்லாத வாதத்தை இருப்பதாகக் காட்டுவது நீதிமன்றத்துக்குச் செய்யும் துரோகம். 'இதில் ஒன்றுமில்லை' என்று ஒதுங்கிக்கொள்வது கைதிக்குச் செய்யும் துரோகம். இந்த இக்கட்டை நம் சட்டம் எப்படிக் கையாள்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர்நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மரண தண்டனை என்றால் 30 நாள். நடுவர் நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போகவும் 30 நாள்தான். சிறையில் இருப்பவர் வக்கீலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். 'ஜெயில் அப்பீல்' என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 383ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 424.

அதற்கு அடுத்த பிரிவு கவனிக்கத்தக்கது. தலையிடப் போதிய காரணம் இல்லை என்று கருதினால் மேல்முறையீட்டைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகத் தள்ளிவிட நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. ஆனால் வக்கீல் வழியாக வந்த மேல்முறையீட்டை அவருக்கோ மனுதாரருக்கோ பேச வாய்ப்புக் கொடுக்காமல் தள்ளக் கூடாது. சிறையிலிருந்து வந்த மேல்முறையீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கொஞ்சம் மெலிந்தது. அது அற்பமானது என்றோ, கைதியை அழைத்துவருவது வழக்கின் தன்மைக்கு மீறிய சிரமம் என்றோ நீதிமன்றம் கருதினால் அவரைக் கேட்காமலேயே தள்ளலாம். எழுதத் தெரியாதவர், அல்லது சக கைதியைக் கொண்டு எழுதியவர், தன் வழக்கின் சிறந்த வாதத்தை அந்த ஒரு தாளில் எழுதியிருப்பாரா? மனுவில் வாதம் இல்லை என்பதும் வழக்கில் வாதம் இல்லை என்பதும் ஒன்றாகிவிடும் அபாயம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வாதத்துக்கு இடமுள்ள மேல்முறையீட்டைக் காரணம் எழுதாமல் ஒற்றைச் சொல்லில் தள்ளக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1970இல் கோவிந்தா கட்துஜி கதம் வழக்கில் கண்டித்தது இந்த அபாயத்தை உணர்ந்துதான்.

இன்னொரு வாசல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. 13ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: வழக்குத் தொடரவோ எதிர்வாதம் செய்யவோ அவருக்கு முதல்நோக்கில் ஒரு வழக்கு இருப்பதாக ஆணைக்குழுவுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். சிவில் வழக்கில் இந்த நிபந்தனை நியாயமாகத் தோன்றலாம். தண்டனை பெற்ற கைதியின் முதல் மேல்முறையீட்டில் இதை வைத்து வடிகட்டத் தொடங்கினால், நீதிமன்றம் சொல்ல வேண்டிய தீர்ப்பைக் குழு அலுவலகம் சொன்னதாகிவிடும்.

அமெரிக்கா கண்ட விடை

இதே கேள்வி 1967இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. கலிபோர்னியாவில் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் சார்லி ஆண்டர்ஸ். மேல்முறையீட்டுக்கு அவருக்காக நியமிக்கப்பட்ட வக்கீல், இதில் தகுதி ஏதும் இல்லை, வாதுரை தாக்கல் செய்யப்போவதில்லை என்று நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். வேறு வக்கீல் கேட்டார் ஆண்டர்ஸ், கிடைக்கவில்லை. தானே எழுதி வாதாடித் தோற்றார். அந்தக் கடிதம் போதாது என்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. விலக விரும்பும் வக்கீல், பதிவேட்டில் வாதத்துக்கு இடம் தரக்கூடிய எதுவானாலும் அதைச் சுட்டிக்காட்டி ஓர் உரை தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகல் கட்சிக்காரருக்குப் போக வேண்டும். அவர் தன் பங்குக்கு எழுத அவகாசம் வேண்டும். பிறகு நீதிமன்றமே முழுப் பதிவேட்டையும் படித்து முடிவு செய்ய வேண்டும்.

இந்த முறைக்கு விமர்சனமும் உண்டு. வக்கீல் தன் கட்சிக்காரரின் தோல்வியைத் தானே எழுதித் தருவதுபோல் ஆகிறது என்பார்கள். 1983இல் ஜோன்ஸ் எதிர் பார்ன்ஸ் வழக்கில், கைதி கேட்கும் எல்லா வாதங்களையும் வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வலுவானதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது அதே நீதிமன்றம். 2000இல் ஸ்மித் எதிர் ராபின்ஸ் வழக்கில், ஆண்டர்ஸ் வகுத்த வழி ஒன்றே வழியல்ல, கைதிக்குப் போதிய பாதுகாப்புத் தரும் வேறு முறையையும் மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. தளராமல் நின்றது ஒன்று: வக்கீலின் வெறும் அபிப்பிராயம் மேல்முறையீட்டுக்கு முடிவு கட்டாது. பதிவேட்டை யாரோ ஒருவர் கைதியின் பக்கமிருந்து படித்திருக்க வேண்டும். அதற்கு எழுத்தில் தடயம் இருக்க வேண்டும்.

தள்ளுபடியான மனுவில் பிறந்த உரிமை

நம் நாட்டில் மேல்முறையீட்டுக்கான சட்ட உதவி உரிமை உறுதிப்பட்டது 1978இல், எம்.எச்.ஹோஸ்கோட் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில். அந்த வழக்கின் கதையே நம் விவாதத்துக்குப் பெரிய சான்று. ஹோஸ்கோட் படிப்பறிவில்லாதவர் அல்லர். முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர். பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ்களைப் போலியாகத் தயாரிக்க முயன்றதாகக் குற்றம். அமர்வு நீதிமன்றம் கோர்ட் கலையும்வரை காவல் என்ற அளவில் விட்டது. உயர்நீதிமன்றம் அதை மூன்றாண்டுச் சிறையாக்கியது. உச்சநீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது நான்காண்டுத் தாமதம். உயர்நீதிமன்றத் தீர்ப்பின் நகல் சிறைக்கு வந்திருந்தது. கைதியின் கையில் அது சேர்ந்ததற்குக் கையெழுத்து இல்லை.

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு நகல் இலவசமாக, உரிய நேரத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கைதியிடம் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு வசதியில்லாத கைதிக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும். இவை கருணையால் தருபவை அல்ல, அரசமைப்பின் 21ஆம் உறுப்பும் 39ஏ உறுப்பும் தரும் உரிமைகள் என்றார். இவ்வளவையும் எழுதிவிட்டு ஹோஸ்கோட்டின் மனுவைத் தள்ளுபடி செய்தார். குற்றம் ஐயமற நிரூபணமானது, தண்டனையும் அதிகமில்லை என்பது முடிவு. இந்தியச் சிறைகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் மேல்முறையீட்டு வக்கீலைப் பெற்றுத் தந்த வழக்கு, தன்னளவில் தகுதியில்லாத ஒரு மனு. அதைத் தொடக்கத்திலேயே யாராவது வடிகட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பு அன்று எழுதப்பட்டிருக்காது.

பின்வந்த தீர்ப்புகள் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. வக்கீல் வரவில்லை என்பதற்காகக் குற்றவியல் மேல்முறையீட்டைத் தள்ளக் கூடாது, பதிவேட்டைப் படித்துத் தகுதியின் பேரில் தீர்க்க வேண்டும் என்றது பானி சிங் வழக்கு (1996). விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் இடையே சட்ட உதவியில் அரசமைப்பும் வேறுபாடு காட்டவில்லை, 1987 சட்டமும் காட்டவில்லை என்றது ராஜூ எதிர் மத்தியப் பிரதேச அரசு (2012). தமிழ்நாட்டிலிருந்து போன கே.முருகானந்தம் வழக்கில், மனுதாரரின் வக்கீல் வராவிட்டால் நீதிமன்றத்துக்கு உதவும் வக்கீல் (அமிக்கஸ் கியூரி) ஒருவரை நியமித்த பிறகே விசாரிக்க வேண்டும், தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2021இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் விதியை 2021இலும் சொல்ல நேர்ந்ததிலிருந்தே நடைமுறையின் நிலை விளங்கும்.

வக்கீலைத் தர வேண்டும் என்ற வரைக்கும் நம் சட்டம் தெளிவாக வந்துவிட்டது. தரப்பட்ட வக்கீல் கட்டில் எதையும் காணாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஆண்டர்ஸ் தீர்ப்புக்கு இணையான ஒரு நடைமுறை நம்மிடம் வேரூன்றவில்லை. அந்த வெற்றிடத்தை வக்கீலின் மனசாட்சி நிரப்புகிறது. சில வேளை அவசரமும் நிரப்புகிறது.

குற்றாலத்தில் ஒரு மணிபர்ஸ்

'தகுதியில்லை' என்ற சொல் எதையெல்லாம் மறைக்கும் என்று பார்க்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். சாரல் காலம். பேரருவியில் குளிக்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. கரையில் வைத்த துணிமூட்டையிலிருந்து ஒருவன் மணிபர்ஸை எடுக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் கையும் களவுமாகப் பிடித்துக் காவலர்களிடம் ஒப்படைக்கிறார்கள். பர்ஸில் 3,000 ரூபாய். முழுதும் மீட்கப்பட்டு உரியவரிடம் சேர்ந்துவிட்டது. அவன்மேல் முன்பு வழக்கு ஏதும் இல்லை. நடுவர் முன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஓராண்டுச் சிறை.

மேல்முறையீட்டுக்கு நியமிக்கப்பட்ட வக்கீல் கட்டைப் புரட்டுகிறார். பிடித்தவர்கள் சாட்சி, பொருள் மீட்பு, போதாததற்கு ஒப்புதல். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீடு கிடையாது என்ற பொது விதியும் நினைவுக்கு வரும். 'இதில் என்ன இருக்கிறது' என்று கட்டை மூடிவிட்டால் அதோடு சரி.

மூடாமல் இரண்டு பிரிவுகளைப் படிக்க வேண்டும். ஒப்புதலின் பேரில் தண்டனை பெற்றவரும் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)ஆம் பிரிவு, திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கிடைத்துவிட்டால், தண்டனை சமூக சேவை என்கிறது. ஆக, அந்த ஓராண்டுச் சிறை சட்டம் சொல்லும் தண்டனையே அல்ல. குற்றவாளி என்ற முடிவை எதிர்த்தால் அது தகுதியில்லாத மேல்முறையீடு. தண்டனையை எதிர்த்தால் தோற்கடிக்க முடியாத மேல்முறையீடு. இரண்டும் ஒரே கட்டுக்குள் இருக்கின்றன. மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போக வேண்டும். இல்லாவிட்டால் வெற்றி வரும்போது சிறைவாசம் முடிந்திருக்கும்.

கனமான வழக்குகளிலும் தேட வேண்டிய இடங்கள் அனுபவமுள்ள வக்கீலுக்குத் தெரியும். முதல் தகவல் அறிக்கை பதிவான நேரத்துக்கும் நடுவர் கைக்கு அது போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? தண்டனைக்கு அடிப்படையான ஒவ்வொரு சூழ்நிலையும், பழைய சட்டத்தின் 313ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வியாக வைக்கப்பட்டதா? விசாரணைக் காலச் சிறைவாசம் கழிக்கப்பட்டதா? பல பிரிவுகளின் தண்டனைகள் ஏககாலத்தில் ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்று தீர்ப்பு சொல்கிறதா? அபராதம் கட்டத் தவறினால் விதித்த சிறை சட்ட வரம்புக்குள் இருக்கிறதா? சம்பவ நாளில் அவருக்கு வயது என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை கட்டின் மூலைமுடுக்குகளில் கிடக்கும். தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு அது கிடைக்காது.

குற்ற முடிவு நிலைத்தும் மேல்முறையீடு பலன் தந்ததற்கு நெல்லைச் சீமையிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரு ஆயுள் தண்டனைகள் விதித்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் குற்ற முடிவை மாற்றவில்லை. தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. குற்ற முடிவை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அது தோற்ற மேல்முறையீடு.

உச்சியிலும் தவறும்

அனுபவமிக்க கண்ணுக்குத் தகுதியின்மை தெரிந்துவிடும் என்பார்கள். மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கொலை, வன்புணர்வு வழக்கில் சிக்கினார்கள். 2009இல் உச்சநீதிமன்றம் மூவரின் மரண தண்டனையை உறுதிசெய்து மற்ற மூவரின் தண்டனையையும் மரண தண்டனையாக உயர்த்தியது. பத்தாண்டு கழித்து, 2019 மார்ச்சில், அங்குஷ் மாருதி ஷிண்டே என்ற பெயரில் பதிவான தீர்ப்பில் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற நிரானாராம் சௌத்ரியின் மேல்முறையீடும் சீராய்வு மனுவும் தள்ளுபடியாகின. சம்பவத்தின்போது அவர் பன்னிரண்டு வயது கடந்த சிறுவன் என்பதை உச்சநீதிமன்றம் ஏற்று விடுவித்தது 2023இல். இருபத்தெட்டு ஆண்டுக்கும் மேலான சிறைக்குப் பிறகு.

நாட்டின் உயர்ந்த அமர்வு, இருதரப்பும் கேட்டு, தகுதியில்லை என்று கண்ட வழக்குகள் இவை. அப்படியிருக்கத் தனியொரு வக்கீலின் ஒற்றை வாசிப்பை இறுதி முடிவாக்குவது எப்படி?

எதிர்த்தரப்பின் நியாயம்

இதற்கு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. தேங்கிக் கிடக்கும் வழக்குகளுக்கு நடுவே நம்பிக்கையற்ற மேல்முறையீடுகள் நேரத்தைத் தின்றால், நிரபராதியின் மேல்முறையீடுதான் பின்னுக்குப் போகும். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு வாய்தாவிலும் அதே காயத்தைக் கிளறிக்கொள்கிறது. இல்லாத வாதத்தை உண்டாக்கச் சொல்லி வக்கீலைக் கட்டாயப்படுத்தினால் அவர் சொல்லுக்கே மதிப்புப் போய்விடும்.

இம்மறுப்புகளுக்கு விடை கட்டங்களைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. முதல் மேல்முறையீடு சட்டம் கொடுத்த உரிமை. சாட்சியத்தை முழுதாக மறுபடி எடைபோடும் வாய்ப்பு கைதிக்குப் பொதுவாக அங்கேதான் கிடைக்கும். அங்கே வடிகட்டி கூடாது. அதைத் தாண்டிச் சிறப்பு அனுமதி மனுவுக்கு உச்சநீதிமன்றம் போகும் கட்டத்தில், நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்த மனு என்பதால், தகுதியைப் பார்ப்பதில் தவறில்லை. அப்போதும் ஒரு வக்கீல் முடியாது என்றால் இன்னொருவர் படித்தாக வேண்டும்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் சிறைக்குள் பலருக்கு உண்டு. அதற்கும் இப்போது தெளிவு கிடைத்திருக்கிறது. மதுரைக் கிளையிலிருந்து போன நாகராஜன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், குற்றவாளி மட்டும் மேல்முறையீடு செய்திருக்கும்போது உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அவர் நிலையை மேலும் மோசமாக்கக் கூடாது என்று 2025 ஜூனில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசோ பாதிக்கப்பட்டவரோ தனியே மேல்முறையீடு செய்திருந்தால் கதை வேறு. ஹோஸ்கோட்டுக்கு நேர்ந்தது அதுதான். இதைக் கைதிக்கு விளக்கிச் சொல்வதும் நியமிக்கப்பட்ட வக்கீலின் வேலை.

வக்கீலின் சங்கடத்துக்கும் மரியாதையான தீர்வு உண்டு. குற்றவாளி என்று தான் நினைத்தாலும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பாதுகாக்கும் கடமை வக்கீலுக்கு உண்டு என்பது பார் கவுன்சில் விதி. அந்தக் கடமை பொய் சொல்லக் கோரவில்லை. வலுவான வாதம் இல்லாத வழக்கில் அவர் எழுத வேண்டியது ஒரு நேர்மையான குறிப்பு: எந்தச் சாட்சியத்தைப் படித்தேன், எந்தெந்த இடங்களில் கேள்வி எழலாம், தண்டனையில் எதைக் கவனிக்க வேண்டும். முடிவை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதன் நகல், கைதிக்குப் புரியும் தமிழில், பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். அவர் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்ல அவகாசம் வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உயர்நீதிமன்றத்தின் ஒரு நடைமுறைச் சுற்றறிக்கையும் சட்டப் பணிகள் குழுவின் ஒரு தீர்மானமும் போதும். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திருத்தப்பட்ட திட்டத்தின்படி மாவட்டங்களில் முழுநேர எதிர்வாத வக்கீல்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் தனி வழக்கு எடுக்க முடியாது, இதுவே வேலை. விசாரணையில் வாதாடிய எதிர்வாத வக்கீல் கட்டின் பலம் பலவீனம் இரண்டும் அறிந்தவர். அவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி மதுரைக்கு அனுப்பினால், அங்கே புதிதாகக் கட்டைத் திறப்பவர் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. தண்டனைத் தீர்ப்பின் நகலோடு, மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் உண்டு என்று சொல்லும் முகப்புத்தாள் ஒன்றை இணைக்க உயர்நீதிமன்றங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்சநீதிமன்றம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தோற்கும் மேல்முறையீடுகள் தோற்கட்டும். பலவும் தோற்கத்தான் வேண்டும். ஒருவர் முழுதாகப் படித்து, எழுதிக் காட்டி, நீதிமன்றம் காரணம் சொல்லித் தள்ளிய மேல்முறையீடு நீதி பெற்ற மேல்முறையீடு. யாரும் படிக்காமல் தள்ளப்பட்டதை அப்படிச் சொல்ல முடியாது.

சிறையில் உறவினர் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டனைத் தீர்ப்பின் நகலுக்குப் பணம் கட்ட வேண்டாம். அது கைதியின் உரிமை. மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வக்கீல் கேட்க வருமானச் சான்று தேவையில்லை. கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம். விவரத்துக்குச் சட்ட உதவி எண் 15100. அமையும் வக்கீலிடம் ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: கட்டை முழுதாகப் படித்தீர்களா, என்ன கண்டீர்கள், எழுதித் தர முடியுமா?